மலைக்குளிரும் நீ ஊற்றிய எண்ணெயும்

ஈப்போ புந்தோங் கார்ப் பட்டறைகளின் சக்கரவர்த்தியே, என் ஆசை மச்சான் ஆரோக்கியம்,

நாளைக் காலையில் உன் மகள் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர் கேமரன் மலை. மாதா கோயிலும் இங்கேதான். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போகக் கொடுத்துவைக்கவில்லை, அப்பா காரிலாவது போகிறேன் என்கிறாள். வெள்ளைக்காரத் துரைமார் காலத்து அந்தக் காரை, உன் கிழட்டுச் சிங்கத்தை, நேற்று ஈப்போவிலிருந்து லோரியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது.

குளிர் எப்படி என்கிறாயா? காலையில் பல் தேய்க்கப் போனேன். பல் தந்தியடித்த வேகத்தில் பிரஷை அசைக்கவே தேவைப்படவில்லை.

எல்லாம் உன்னால்தான். நம்ம ஊர் வெயிலில் எஞ்சின் கொதித்துவிடக் கூடாதென்று ஆயுசு பூரா அதைக் குளிரவைக்கவே பாடுபட்டாய். எண்ணெயைக்கூடக் கெட்டியாகப் பார்த்துத்தான் ஊற்றினாய். இங்கே அது தார் மாதிரி இறுகிக் கிடக்கிறது. எஞ்சின் அசைவேனா என்கிறது.

இன்று காலை ஒத்திகை பார்த்தோம். ஸ்டார்ட்டர் ஒருதரம் முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது. முன்பக்கம் கைப்பிடியைச் செருகிச் சுற்றினேன். தீப்பொறியைத் தாமதப்படுத்தும் நெம்புகோலை இழுக்க மறந்துவிட்டேன். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதறி, கைப்பிடி திருப்பி அடித்தது பார், தாடை மயிரிழையில் தப்பியது. இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை உன்னிடம் நேரிலேயே கொடுத்திருப்பேன்.

"மாமா! அடிபட்டுச்சா?" என்று ஓடிவந்தாள் ஜெசிந்தா.

"எனக்கா? யானை மிதிச்சாலும் அதுக்குத்தான் கால் சுளுக்கும்லா!" என்றேன். அவள் திரும்பியதும் தாடை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை நல்ல பையன். "பழைய எண்ணெயை இறக்கிட்டு மெல்லிசா வேற ஊத்துனா எடுத்துக்கும் மாமா" என்றான். சரியான பேச்சுதான். ஆனால் உன் மகள் காருக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"அது அப்பா கடைசியா ஊத்துனது. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள். யாரும் தொடாதீங்க."

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

நான்தான் ஒரு வழி சொன்னேன். விடிந்ததும் அந்த எண்ணெயை இறக்கி, சட்டியில் இளஞ்சூடாகக் காயவைத்து, அதையே திரும்ப ஊற்றிவிடுவது. ஸ்பார்க் பிளக்குகளைத் தோசைக்கல்லில் சூடேற்றுவது. ரேடியேட்டருக்குக் கம்பளி போர்த்துவது. என் வீட்டுக்காரி, அதான் உன் தங்கச்சி, கறிச்சட்டியைக் கொடுத்துவிட்டு, "இனிமே உங்களுக்கு மட்டும் இதுலதான் கொழம்பு" என்கிறாள்.

அதற்கும் அசையாவிட்டால்? சூடு மிஞ்சி எண்ணெய் தீப்பிடித்தால்? கோயிலுக்குப் போகும் வழியில் பாதி ஏற்றத்தில் எஞ்சின் நின்று, கல்யாணச் சேலையோடு பிள்ளை நடுரோட்டில் நின்றால்? சாயங்காலத்திலிருந்து இதே யோசனை.

சற்றுமுன் ஜெசிந்தா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்படியும் எடுக்கலேன்னா மாத்திடுங்க மாமா. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள். அதைக் கேட்டதும் பயம் இரட்டிப்பாகிவிட்டது மச்சான். இதுவரை அவள் தடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது எல்லாம் என் கையில்.

சத்தியமாகச் சொல்கிறேன். நெம்புகோலை இழுக்காமல் கைப்பிடியைத் தொடமாட்டேன். எஞ்சின் சீராக ஓடாமல் உன் மகளை ஏற்றமாட்டேன். மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் வேறு யாரையும் கிட்டே விடமாட்டேன். நானே இறக்குவேன், ஒரு சொட்டு மண்ணில் விழாமல்.

உன் தங்கச்சியைக் கட்டி, உன்னிடமும் வசமாக மாட்டிக்கொண்ட
மச்சான் சூசை