பின்னால் வருகிற ஜீப்

ஞாயிறு இரவு

இன்றுதான் முதன்முதலாக ஜீப் கூட்டத்தோடு போனேன். புல்மோட்டைக் கடற்கரையில் ஐந்து ஜீப்புகள், கடைசி என்னுடையது. மணலில் இறங்குமுன், சில்லு புதையாமலிருக்க எல்லோரும் டயரில் காற்றைக் குறைத்தார்கள். இத்தனை வருடம் தனியாக ஜீப் ஓடியவளுக்கு யார் சொல்லித் தருவது என்று நான் குறைக்கவில்லை. கொஞ்ச தூரத்திலேயே சில்லு புதைந்துவிட்டது. போனில் சிக்னல் இல்லை. அலை பின்சில்லை நனைக்கத் தொடங்கியது. அவர்கள் போய்விட்டார்கள் என்றே நினைத்தேன்.

நான்கு ஜீப்புகளும் திரும்பி வந்தன. எனக்கு முன்னால் போன கிண்ணியா நிஸ்தார் இறங்கினார்.

“காத்துக் குறைக்கல்லையா அக்கா?”

“இல்லை. நான் புதைஞ்சது எப்பிடித் தெரியும்?”

“கண்ணாடியில உங்களக் காணல்ல. பின்னால வாற ஆளக் காணாட்டி நிக்கிறதுதானே எங்கட வழக்கம். நான் நிண்டா முன்னுக்குப் போறவங்களும் நிப்பாங்க.”

ஒருவரும் ஏசவில்லை. கயிறு கட்டி இழுத்து எடுத்தார்கள்.

திரும்பும்போது என்னை நடுவில் விட்டார்கள். நிஸ்தார் எனக்குப் பின்னால். நிலாவெளிக்குக் கிட்ட ஒரு வளைவில் கண்ணாடியில் அவருடைய விளக்கு மறைந்தது. யோசிக்கவேயில்லை, பிரேக்கை அழுத்திவிட்டேன். விளக்கு தெரிந்த பிறகுதான் காலை எடுத்தேன்.