இன்ஜின் மேல் ஒரு டீ கிளாஸ்

அன்பு லீலாவதிக்கு,

மஸ்கட்டிலிருந்து உன் மெக்கானிக் புருஷன் எழுதுவது. நான் நலம், என் தொப்பை அதைவிட நலம். உன் முட்டிவலி தேவலையா?

போன வாரம் ஒரு பழைய லாரிக்கு வேற இன்ஜின் மாத்தினேன். அதைத் தாங்குற ரப்பர் மவுண்ட் கம்பெனி சரக்கு இல்லை, வெளிச்சரக்கு. ஸ்டார்ட் பண்ணினா லாரி சாமியாடுது! "இது ஆட்டத்தை நிறுத்துற வரைக்கும் உனக்கு லீவு கிடையாது"ன்னுட்டார் முதலாளி.

அப்பதான் நம்ம ஆண்டிமடத்து வூட்டு கிரைண்டர் ஞாபகம் வந்தது. "கால் போல்டை எடுத்ததுமே முறுக்காதீங்க, கொஞ்சம் ஓடி உக்காரட்டும்"னு நீ கத்துவியே! மவுண்ட் போல்டையெல்லாம் தளர்த்தி, இன்ஜினை ஓடவிட்டு, அது வாகா உக்காந்ததும் முறுக்கினேன். முதலாளி தன் டீ கிளாஸை இன்ஜின் மேலயே வச்சுப் பார்த்தார். ஒரு சொட்டு சிந்தலை. "பொங்கலுக்குப் போயிட்டு வாய்யா"ன்னார். யோசனை என்னோடதுன்னு சொல்லிட்டேன், கோவிச்சுக்காதே.

இந்த லெட்டரைக் கொண்டுவர்ற பெரம்பலூர் செல்லப்பன் முடியைப் பார்த்து மயங்காதே, அத்தனையும் மை. கிளம்பணும்னு அவசரப்படுத்துறான்.

என் பழைய கைலியைத் துவைச்சு வை. கொஞ்சம் முந்திரி வறுத்து வை. கிரைண்டர் மறுபடி ஆடுதுன்னியே, யாரையும் கூப்பிடாதே, ஆடட்டும். நான் வந்து முறுக்குறேன். நீ பக்கத்துல நின்னு திட்டு.

உன்
ராஜராஜன்