அவளையே கேளுங்க

அன்புள்ள அண்ணா,

உளவியலாளர் சங்கத்துக்குப் போய்விட்டு நேற்றுதான் திரும்பினேன். ஆட்டிசம் உள்ளவர்களைப் பரிசோதிக்கும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தங்கள் உறுப்பினர்களுக்கு ஒரு வழிகாட்டி எழுதுகிறார்கள். ஆட்டிசம் உள்ள எங்களைக் கேட்காமல் ஒரு வரியும் எழுதுவதில்லை என்று பிடிவாதமாக இருந்து என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

உள்ளே போனதும் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. நான் வாய் திறக்குமுன் தலைவியே எழுந்து பாதி விளக்குகளை அணைத்தார். "அவசரமில்லைங்க. பேச வரலைன்னா எழுதிக் காட்டுங்க" என்றார். அந்த ஒரு சொல்லிலேயே எனக்குப் பேச்சு வந்துவிட்டது.

நம் சின்ன வயதுக் கதையைச் சொன்னேன். "இவளுக்குக் காது கேக்குமா?" என்று டாக்டர் அம்மாவிடம் விசாரித்தபோது நீதான் குறுக்கே புகுந்தாய். "அவளையே கேளுங்க. சொல்லுவா, கொஞ்சம் நேரம் ஆகும்."

டாக்டர் காத்திருந்தார். "கேக்கும். உங்க ஃபேன் கத்துறதும் கேக்குது" என்றேன்.

இந்தக் கதையைக் கேட்டுச் சங்கக் கூட்டமே சிரித்தது. ஆனால் வழிகாட்டியின் முதல் விதி இப்போது இதுதான்: "அவரையே கேளுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள்." யார் சொன்னது என்று கேட்டார்கள். "எங்க அண்ணன். அப்ப மூணாங்கிளாஸ்" என்றேன். தலைவி உனக்கு நன்றி சொல்லச் சொன்னார். நான் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து வார்த்தை சரியாக வரவில்லை என்று நீ யாரையும் பார்க்க மறுப்பதாக அண்ணி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நீ ஒன்றும் பேச வேண்டாம். பேச்சு வராதவர் பக்கத்தில் எப்படி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

உன்
வாயாடித் தங்கை