மலர்க்கொடியின் நோட்ஸ்

மன்னார்புரம்
7.2.2025

அன்பு மலருக்கு,

கால் கட்டைப் பிரித்தார்களா? வகுப்பில் நடந்தது அதற்குள் உன் காதுக்கு வந்துவிட்டது போல, போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் பேனாவை எடுத்தேன்.

நீ லீவில் இருப்பதால் உன் தாவரவியல் வகுப்பில், நீ திருத்திய டெஸ்ட் பேப்பரைக் கொடுத்தேன். ஜோதி எழுந்து, "மேடம், வாழையில முதல்ல விரியிறது பெண் பூதானே? அதுதானே சீப்பாகுது? கடைசில தொங்குற ஆண் பூவைத்தான் நாங்க ஒடிச்சுப் பொரியல் பண்றோம். தப்புன்னு போட்டிருக்காங்க" என்றாள். ஜீயபுரத்தில் வாழை போடுகிற வீட்டுப் பெண், அவளுக்குத் தெரியாதா? உன் நோட்ஸில் மாறி இருக்கிறது. அதை அப்படியே எழுதிய நாற்பது பேருக்கும் முழு மார்க்! போர்டில் திருத்திப் போட்டேன். வேறென்ன செய்யச் சொல்கிறாய்?

உன்,
லிசி

எடமலைப்பட்டி புதூர்
11.2.2025

லிசிக்கு,

கால் தேவலை. மனசுதான் தேவலையில்லை. முதலில் என்னிடம் சொல்லியிருக்கலாமே? பிள்ளைகள் முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டாய்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த நோட்ஸை வரி வரியாகச் சொல்லி எழுத வைத்தேன். சரியாக எழுதியும் மார்க் போனவர்கள் எத்தனை பேரோ! நினைத்தால் சோறு இறங்கவில்லை. விருப்ப ஓய்வுக்கு எழுதி வைத்துவிட்டேன். இனி எந்த முகத்தோடு அங்கே நிற்பது?

மலர்க்கொடி

மன்னார்புரம்
13.2.2025

மலர்,

முதலில் உன்னிடம் சொல்லாதது என் தப்புதான், மன்னித்துவிடு. ஆனால் நீ போய்விட்டால் ஸ்டாஃப் ரூமில் நான் யாரோடு சண்டை போடுவேன்? ஒரே ஒரு நாள் வந்து ஜோதியைப் பார். அப்புறமும் போகத் தோன்றினால், அந்தக் கடிதத்தை நானே ஆபீஸில் கொடுக்கிறேன்.

லிசி

எடமலைப்பட்டி புதூர்
20.2.2025

அடி லிசி,

நேற்று போனேன். நீ தேர்வு வேலையாக வெளியூரில் இருந்ததும் நல்லதாயிற்று. "ஜோதி, நீ எழுதினதுதான் சரி. நான் தப்பா சொல்லிக் கொடுத்துட்டேம்மா" என்றேன். "இந்த நோட்ஸ்ல வேற எங்கயாவது இடிக்குதா? சொல்லுங்க" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டேன்டி.

கடைசி பெஞ்ச் ரஞ்சித் கையைத் தூக்கினான். பிறகு ஒருத்தி. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. பதினோரு இடம் காட்டினார்கள்! அதில் நாலு அவர்கள் தப்பு, அதற்கும் விடாமல் வாதாடினார்கள். இவ்வளவு சந்தோஷமாக நான் வகுப்பு எடுத்ததே இல்லை. ஓய்வுக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாயிற்று.

ஒரு விஷயம். மீதி ஏழில் மூன்று, எம்.எஸ்.சி. படிக்கும்போது உன் நோட்டைப் பார்த்து நான் எழுதியவை. நீயும் இன்றுவரை உன் வகுப்பில் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாய். பக்க எண்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

உன்,
மலர்