பொம்மைக்கு ஒரு சலாம்

ஜனவரி 6, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. உடுப்பு ஒன்றும் காயவில்லை. கல்முனைத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி உதவியாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். வெள்ளிக்குள் சீவி, அதாவது சுயவிவரம், கொடுக்க வேண்டும்.

செய்ய: ஃபோட்டோ, சான்றிதழ் கொப்பி, மகளின் இருமல் மருந்து.

ஒரு வில்லங்கம். பயிற்சியை இரண்டு தரம் செய்தவள் நான். முதல் தரம் பிரக்டிகலில் பெயில். மறுபடி ஆறு மாதம் முழுசாகப் படித்துப் பாஸ். இதை எப்படி எழுதுவது?

இவர், என் புருசன், சோறு பிசைந்தபடி: “பெயிலானத ஆராச்சும் எழுதுவாங்களா புள்ள? பாஸானத மட்டும் போடுங்க.”

“அப்ப முதல் ஆறு மாசமும் நான் எங்க போனன்?”

“குவைத்துக்குப் போனன் எண்டு போடுங்க.” சிரிப்பு வேறு. இந்த மனுசனை என்ன செய்ய!

7, புதன்

மழை விட்டது. ஃபோட்டோ கொப்பி எடுக்கும் கொமினிகேஷன் கடை. டைப் அடிக்கும் சிபானா ஏ.எல். பரீட்சையை மறுபடி எழுதப் போகிறவள். “ராத்தா, செகண்ட் ஷை, ரெண்டாம் தரம் எழுதின எண்டு போடவா?” காதுக்குள் கேட்டாள். பக்கத்தில் நின்ற ஆளுக்குக் கேட்கக் கூடாதாம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சத்தமாகவே சொன்னேன்: “போடுகா. நாம என்ன களவா எடுத்த?”

கடைசியில் போட்டது: ‘தாதி உதவியாளர் பயிற்சி, இரண்டு தடவை முழுமையாக. சான்றிதழ், இரண்டாம் தடவையில்.’ அச்சில் இரண்டு தரம் வாசித்தேன். அழிக்கச் சொல்லவில்லை.

9, வெள்ளி

காலையில் சீவி கொடுத்தாச்சு. வந்ததிலிருந்து பயம். வீறாப்புப் பேசிக் காரியத்தைக் கெடுத்தேனோ? இது போனால் கொழும்பில்தான் வேலை. மகளை விட்டுவிட்டு நான் எங்கே போக! கறிக்கு உப்புப் போட மறந்துபோனேன்.

இவர் ஜும்ஆ தொழுகை முடிந்து வருமுன் ஃபோன். திங்கள் இன்டர்வியூ! அல்ஹம்துலில்லாஹ்.

12, திங்கள்

நல்ல வெயில். மேட்ரன், தலைமைத் தாதி, காரைதீவு ஆள். பெரிய பொட்டு, பெரிய கண்ணாடி. நேரே அந்த வரியில் விரலை வைத்தார்.

“ஏன் முதல் தரம் பெயில்?”

உள்ளதைச் சொன்னேன். பிரக்டிகலில் கட்டிலில் ஒரு பொம்மை. அதுதான் நோயாளி. எதைச் செய்தாலும் அதனிடம் சொல்லிச் சொல்லிச் செய்ய வேண்டும். பரீட்சை எடுக்கிற சேருக்கு முன்னால் பொம்மையோடு கதைக்க வெட்கம். எல்லாம் சரியாகச் செய்தேன், வாயைத்தான் திறக்கவில்லை.

“மறுகா?”

“ரெண்டாம் தரம் சலாம் சொல்லித்தான் மிஸ் தொடங்கினன். சேர் பாண்டிருப்புத் தமிழாள். பொம்மைக்குப் பதிலா அவர் ‘வஅலைக்குமுஸ்ஸலாம்’ எண்டார்.”

மேட்ரன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எழும்பி வாங்க” என்று வார்டுக்குக் கூட்டிப் போனார்.

கட்டிலில் மாவடிப்பள்ளிச் சாச்சி ஒருவர், என் சின்னம்மா வயது. பாரிசவாதம். வந்ததிலிருந்து பேச்சே இல்லையாம். “சரிச்சுப் படுக்க வைக்க வேணும். செய்ங்க பாப்பம்.”

காதருகே குனிந்து, “அஸ்ஸலாமு அலைக்கும் சாச்சி. நான் ரிஸ்மியா. உங்களச் சரிச்சுப் படுக்க வைக்கப் போறன். இந்தத் தோளப் புடிக்கிறன், என்ன?”

சாச்சியின் உதடு அசைந்தது. கோணலாக, இழுத்து இழுத்து, “வ… அலைக்கு…”

மேட்ரன் டியூட்டிப் பட்டியலை எடுத்து என் பெயரை எழுதினார். பிறகு, “நாளைக்குக் காலம ஆறரைக்கு டியூட்டி. பிந்தக் கூடாது.”

ஓட்டமும் நடையுமாக வீடு. இவரிடம் சொன்னேன். “அப்ப குவைத் தேவைப்படல்ல?” அடி வாங்காமல் தப்பிவிட்டார்.

காலுக்கு வெள்ளைச் சப்பாத்து இன்றைக்கே வாங்க வேண்டும். சாச்சி மீதிச் சலாமைப் பாக்கி வைத்திருக்கிறா. நாளைக்குக் கேட்டு வாங்குவேன்.