மெரித்தின் கல்லுக்கு முன்னால் அப்பா

என் அருமைத் தங்கச்சி ஜெசிந்தாவுக்கு,

நீ போய் ஒரு வருடமாகப் போகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. உன் அடக்கம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போனேன். இங்கே சுவிஸில், பாடன் தொழிற்சாலையில் வழக்கம்போல இயந்திரப் பாகங்களைப் பூட்டினேன், மதியம் சாப்பிட்டேன், அனுதாபம் சொன்னவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னேன். கையும் காலும் தங்கள் பாட்டுக்கு வேலை செய்தன.

அப்பாவும் அப்படித்தான் இருந்தார். பூசைக்குப் போவார், வந்து தேத்தண்ணீர் குடிப்பார், ஜன்னலோரம் இருப்பார். உன்னைப் பற்றி நாங்கள் இருவரும் கதைப்பதில்லை. இதை எல்லாரும் வாசிக்க எழுதுவது உனக்குக் கோபமாக இருக்குமா? உன்னை அறிந்த பலர், அப்பா அருங்காட்சியகத்துக்கு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்கிறார்கள். முதலில் உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

2009 வசந்தம் நினைவிருக்கிறதா? வன்னியில் சண்டை முடிவுக்கு வந்துகொண்டிருந்த நாட்கள். பேர்ணில் போரை நிறுத்தச் சொல்லி நடந்த ஊர்வலத்துக்குப் போய்விட்டு வந்து, நனைந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அப்பா கதிரையில் இருந்தார். பாசல் பல்கலைக்கழகத்தில் எகிப்தியவியல் படிக்க இடம் கிடைத்த கடிதத்தை நீ அன்றுதான் காட்டினாய்.

“அங்கை எங்கட சனம் செத்துக்கொண்டிருக்கு. நீ நாலாயிரம் வருசத்துக்கு முந்திச் செத்தவனைப் படிக்கப் போறியோ?”

“ஓம் அப்பா, போறன்,” என்றாய்.

அதற்குப் பிறகு அவர் உன் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பட்டமளிப்புக்கும் வரவில்லை. நீ அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்ததையும், லக்சோரில் பிறந்து இங்கே பழைய கற்களைப் பழுதுபார்க்கும் நாதியாவோடு சேர்ந்து எகிப்திய மரபுக்கென்று ஒரு சங்கம் தொடங்கியதையும், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்குச் சித்திர எழுத்துக் காட்டியதையும் நான்தான் அவருக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தொலைக்காட்சியில் வானிலை பார்ப்பார். நான் மட்டும் என்ன? அருங்காட்சியகத்தில் நீ நடத்திய ஒரு சுற்றிக்காட்டலுக்கும் வந்ததில்லை. ஷிஃப்ட் என்றேன். ஷிஃப்ட் இல்லாத ஞாயிறுகளும் இருந்தன.

நீ போனபின் வந்த இலையுதிர் காலத்தில் நாதியா தொலைபேசியில் அழைத்தார். தமிழில் முதன்முதலாக ஒரு சுற்றிக்காட்டல் என்று சங்கத்தின் ஆண்டு நிகழ்ச்சிகளில் நீ போட்டிருந்தாயாம். நிறையப் பேர் பெயர் கொடுத்துவிட்டார்களாம். “ஜெசிந்தாவின் குறிப்பெல்லாம் தமிழில் இருக்கிறது. எனக்கு வாசிக்கத் தெரியாது. நிறுத்திவிடட்டுமா?” என்று ஜெர்மனில் கேட்டார். நான் வாசிக்கிறேன் என்றேன். அது துணிவென்று நினைத்துவிடாதே. அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் ஓம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு காலை கதவடியில் அப்பா கோட்டும் தொப்பியுமாக நின்றார்.

“நானும் வாறன்.”

“அங்கை வந்து என்னப்பா செய்யப் போறியள்?”

“வீட்டிலை இருந்து மட்டும் என்ன செய்யிறன்?”

நான் மோசமாகத்தான் வாசித்தேன். ஓர் அரசனின் பெயரை மூன்று தடவை மூன்று விதமாகச் சொன்னேன். முன்னால் நின்ற ஒரு அம்மா, “பரவாயில்லைத் தம்பி, ஆறுதலா வாசியுங்கோ,” என்றார்.

மூன்றாவது அறையில் மெரித் என்ற பெண்ணின் நினைவுக்கல். உன் குறிப்பை அப்படியே வாசித்தேன். அவள் இளவயதில் இறந்தவள். இந்த வழியால் போகிறவர்கள் நின்று, அவளுக்குச் சாப்பிடப் பாணும் குடிக்கப் பியரும் கிடைக்கட்டும் என்று வாய்விட்டுச் சொல்லும்படி கல் கேட்கிறது. பியர் என்றதும் யாரோ சிரித்தார்கள். அப்பா எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

“இந்தக் கல்லை ஆர் வைச்சது?”

குறிப்பில் அது இல்லை. நாதியாவிடம் கேட்டேன். அவர் கடைசி வரியைக் காட்டி விளக்கினார்.

“தகப்பன்தான் வைச்சவராம் அப்பா. கடைசி வரியிலை அவரின்ர பேர் கிடக்காம்.”

அப்பா தொப்பியைக் கழற்றினார். மற்றவர்கள் அடுத்த அறைக்குப் போகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர் நகரவில்லை.

“எங்கட பிள்ளைக்கு உதெல்லாம் வாசிக்கத் தெரியுமோ?”

“அவள்தானே இதை மொழிபெயர்த்தவள்,” என்றேன். கல்லுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த விளக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் உன் பெயர். விரல் வைத்துக் காட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் முழுப்பெயரையும் எழுத்துக் கூட்டி, சத்தமாக வாசித்தார்.

“எனக்கேன் ஒருத்தரும் சொல்லேல்லை?”

நான் சொல்லியிருந்தேன். ஆனாலும் அவருடைய கையிலிருந்த தொப்பியை மட்டும் வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில் அப்பா நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். புறுக் நிலையம் தாண்டியபின் கேட்டார்:

“ஜெசியின்ர கல்லறைக் கல்லிலை என்ன எழுதுறதெண்டு கேட்டுச் சவக்காலையிலை இருந்து கடிதம் போட்டவங்களெல்லே?”

“ஓம்.”

“பேரும் வருசமும் போடு. கீழை எகிப்தியவியலாளர் எண்டு போடு. தமிழிலையும் போடு, ஜெர்மனிலையும் போடு.” பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “வைச்சது தகப்பன் எண்டும் போடு.”

போன கிழமை கல் வைத்தார்கள், ஜெசி. கடைசி வரியில் அப்பாவின் பெயர் இருக்கிறது. அவர் அதைத் தடவித் தடவி அழுதார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போதும் வரவில்லை. இனி வராமலே போய்விடுமோ? யாரிடம் கேட்பது?

தமிழ்ச் சுற்றிக்காட்டலைத் தொடரச் சொல்லிச் சங்கத்தில் கேட்கிறார்கள். இந்த முறை யோசித்துத்தான் ஓம் என்றேன். மாதத்தில் ஒரு ஞாயிறு ஷிஃப்ட் வேண்டாமென்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த அரசர்களின் பெயர்களை நாதியாவிடம் கேட்டுப் பாடமாக்குகிறேன். உன் குறிப்புகள் முடிந்தபின் நானே படித்து எழுதுவேன். அழுகை வந்தாலும் வராவிட்டாலும் அங்கே நிற்பேன். இது சத்தியம்.

பிந்தி வந்த உன் அண்ணன்,
அன்ரன்