உலகம் முடியுது, காதல், சிரிப்பு

பதுளை
8.1.2024

அன்புள்ள ஜெயாவுக்கு,

நான் நலம். உன் தங்கை சிவசக்தி வீட்டில் நீயும் நலமாக இருப்பாய். போனை எடுக்க மாட்டாய், கடிதம் என்றால் படிப்பாய் என்று அவள் சொல்லியனுப்பினாள். இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

மண் சரியலாம், உடனே வெளியேறுங்கள் என்று அறிவித்தல் வந்த அன்று, முதல் ட்ரிப்பில் ரிப்பேருக்கு வந்த டிவிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். உன்னைக் குடையோடு வாசலில் நிறுத்தினேன். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவை ஊரார் பொருள் அல்லவா? இரண்டாவது ட்ரிப்புக்கு வந்தால் நீ பசறை பஸ் ஏறிவிட்டாய். மலையும் சரியவில்லை. இதற்கு ஏழு வாரக் கோபமா?

சிவசக்தி வீட்டு வீடியோ டெக்கைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். போட்டுப் பார்க்க ஒரு கசெட்டும் உண்டு. வீடியோ கசெட் வாடகைக் கடை நடத்திய காலத்தில், ஆங்கிலப் படங்களுக்குப் பெயருக்குப் பதில் விஷயத்தை எழுதி ஒட்டுவேனே, அப்படி ஒட்டியது: "உலகம் முடியுது, காதல், சிரிப்பு." எண்பத்தேழில் வந்த படம். என் கடையில் நீ முதன்முதலாக எடுத்ததும் அதுதான். பாதியில் டெக் கெட்டுப்போய்த் திருப்பித் தந்தாய். முடிவு எனக்கு மறந்துவிட்டது. பார்த்து எழுது.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்தபடி,
புவனேந்திரன்


பசறை
13.1.2024

அன்புள்ள உங்களுக்கு,

டெக் நன்றாக ஓடுகிறது. தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் சனம் முழுவதும் வந்து உட்கார்ந்து படம் பார்த்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வால்நட்சத்திரம் விழுந்து உலகம் முடியப் போகிறது. டிவியில் வானிலை வாசிக்கும் பெண் அதையும் சிரித்துக்கொண்டே வாசிக்கிறாள். சிரித்து வாசிக்கத்தானே அவளுக்குச் சம்பளம்! அவளைக் காதலிப்பவன் கல்யாணக் கேக் செய்கிறவன். ஊரே மலைக்கு ஓடும்போது, ஆர்டர் கேக்கைக் கொடுத்துவிட்டுத்தான் வருவேன் என்கிறான். அவள் பஸ் நிலையத்தில் குடையோடு நிற்கிறாள்.

"அக்கா, இது நம்ம மச்சான்தானே?" என்றாள் சிவசக்தி. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசிக் கட்டம். பஸ் புறப்படுகிறது, அவன் கேக்கோடு ஓடி வருகிறான். திரை ஒருமுறை நடுங்கியது. அடுத்து நாதஸ்வரம்! நம் கல்யாணம்!

வாடகைப் படத்தின் மேலேயா கல்யாணத்தைப் பதிய விட்டீர்கள்? மணவறையில் நான் தனியாக இருக்கிறேன். மாப்பிள்ளை மாலையோடு லவுட்ஸ்பீக்கர் பெட்டிக்குள் தலையை விட்டு வயர் பொருத்துகிறார். லயமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கே காத்திருக்கத் தொடங்கியிருக்கிறேன்.

இங்கே பிள்ளைக் காம்பராவில், கொழுந்து எடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள என்னைக் கேட்கிறார்கள். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்றால் இங்கேயே தங்கிவிடுவேன். அதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். அவன் பஸ்ஸைப் பிடித்தானா?

இப்படிக்கு,
ஜெயலெட்சுமி


பதுளை
20.1.2024

அன்புள்ள ஜெயா,

கல்யாணத்தன்று வீடியோக்காரரின் கசெட் முடிந்துவிட்டது. கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுத்தேன். அது அந்தப் படம் என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

பக்கத்துக் கடை ஸியாம் படத்தை போனிலேயே தேடித் தருகிறேன் என்றார். "வேணாங்க" என்று சொல்லிவிட்டேன். அவன் பஸ்ஸைப் பிடித்திருந்தால், அதையே சாட்டாகக் காட்டி நான் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பேன்.

ஊரார் பொருள் என்று எழுதினேனே, அது சாக்கு. டிவியை விட்டுப்போனால் திட்டுவார்கள், நீ மட்டும் எவ்வளவு நேரமானாலும் நிற்பாய் என்று நினைத்தேன். நீ எங்கேயும் போகமாட்டாய் என்று இருபத்திரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள்.

பொங்கல் பொங்கியது. சர்க்கரை போட மறந்துவிட்டேன். 28ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? வேண்டாம் என்றால் வரவில்லை.

உன்,
புவனேந்திரன்


பசறை
25.1.2024

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று மத்தியானம் இங்கேயும் அறிவித்தல் வந்தது. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். போய்ச் சேர்ந்த பிறகுதான் பார்க்கிறேன், என் கையில் அந்தக் கசெட்! குடை இல்லை, சிவசக்தியும் இல்லை. பின்பக்கம் ஆட்டை அவிழ்க்கப் போனவளைக் கூப்பிடாமலே ஓடி வந்திருக்கிறேன். ஆட்டோடு நனைந்து வந்து, "மச்சானுக்கு ஏத்த ஆளுதான்க்கா நீ" என்றாள். என் சேலைத் தலைப்பால் அவள் தலையைத் துவட்டினேன். நல்லவேளை, ஒன்றும் சரியவில்லை.

அங்கே பிள்ளைகள் படத்தின் முடிவைக் கேட்டார்கள். அவன் கேக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடினான், பஸ் போய்விட்டது, ஆனால் அவள் ஏறாமல் நின்றாள் என்று நானாகச் சொன்னேன்.

"அப்ப வால்நட்சத்திரம்?"

"அது வரல்ல. நோட்டீஸ் மட்டுந்தான் வந்துச்சு."

பிள்ளைக் காம்பரா வேலைக்குச் சரி சொல்லிவிட்டேன். பயப்படாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை உங்களோடு வீட்டுக்கு வருகிறேன். ஆட்டோவைக் காலியாகக் கொண்டு வாருங்கள். திங்கள் முதல் தினமும் காலையில் பதுளையிலிருந்து என்னை இங்கே கொண்டுவந்து விட வேண்டும். டிவிக்காரர்கள் கடை வாசலில் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

முதல் ட்ரிப் எனக்கு.

இப்படிக்கு,
உங்கள் ஜெயலெட்சுமி